கண்ணைக் குத்திய கை யாருடையது? கிரேக்கத் துன்பியல் நாடகங்களை வாசிக்க ஒரு வழி

ஈடிபஸ் நாடகத்தைப் படித்து முடித்ததும் பலரும் கையில் எடுக்கும் வாக்கியம் ஒன்று இருக்கிறது: "கண் இருந்தபோது அவனுக்கு உண்மை தெரியவில்லை, கண் போன பிறகுதான் தெரிந்தது." வகுப்புக் குறிப்புகளிலும் தேர்வுத் தாள்களிலும் இதுதான் திரும்பத் திரும்ப வருகிறது. தயவுசெய்து இதை விட்டுவிடுங்கள். தெரியாமல் தந்தையைக் கொன்று தாயை மணந்த தீப்ஸ் மன்னன் ஈடிபஸ், தான் யார் என்று தெரிந்துகொள்வது இரண்டு கண்ணும் நன்றாக இருக்கும்போதுதான். தெரிந்துகொண்ட பிறகு, தெரிந்துகொண்ட காரணத்தாலேயே, அவற்றைக் குத்திக்கொள்கிறான். அறிவு முன்னால் வருகிறது, இருட்டு பின்னால் வருகிறது. இந்த வரிசையைத் திருப்பிப் போட்டுவிட்டால், கண்ணைக் கொடுத்து ஞானம் வாங்கியவனின் ஆறுதலான கதை ஒன்று கிடைக்கும். நாடகாசிரியர் சோஃபக்ளிஸ் எழுதியதில் அந்த ஆறுதல் கிடையாது.

இந்த நாடகங்களில் பார்வையிழப்பையும், ஒருவர் தன்னைத் தானே தண்டித்துக்கொள்வதையும் எப்படி வாசிப்பது என்பதற்கு எனக்குப் பயன்பட்ட வழியைச் சொல்கிறேன். "இது எதன் குறியீடு?" என்ற கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவைத்துவிட்டு, "இதைச் செய்தது யார் கை? அந்தக் கைக்குரியவர் என்ன காரணம் சொல்கிறார்?" என்று முதலில் கேட்கிற வழி. குறியீடு எங்கும் ஓடிப்போகாது, செயலைச் சரியாகப் பார்த்தால் அது தானாகவே பின்னால் வந்து நிற்கும்.

முதலில் நூல். எந்த மொழிபெயர்ப்பாக இருந்தாலும் சரி, ஓரத்தில் மூலத்தின் வரி எண் போட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். "ஈடிபஸ் மன்னன்" சுமார் 1530 வரிகள்தான், ஒரே அமர்வில் படித்துவிடலாம், முதல் முறை அப்படித்தான் படிக்க வேண்டும். இரண்டாம் முறை பென்சிலோடு உட்காருங்கள். கண், பார்வை, ஒளி, இருள், வெளிப்படுதல், மறைதல் என்று யார் எங்கே சொன்னாலும் கோடு போட்டு, பக்கத்தில் பேசுபவரின் பெயரை எழுதுங்கள். பெயர் எழுதுவது முக்கியம், ஏனென்றால் ஒரே சொல் ஒருவர் வாயில் வசையாகவும் இன்னொருவர் வாயில் வெறும் உண்மையாகவும் வருகிறது.

டைரீசியஸ் வரும் காட்சியில் இது நன்றாகத் தெரியும். தீப்ஸ் நகரில் கொள்ளைநோய், பழைய மன்னன் லேயஸைக் கொன்றவனைக் கண்டுபிடித்தால்தான் தீரும் என்று அப்பல்லோ தெய்வத்தின் குறிசொல்லும் கோயிலான டெல்ஃபியிலிருந்து செய்தி வந்திருக்கிறது, பார்வையற்ற முதிய தீர்க்கதரிசியை ஒரு சிறுவன் கைப்பிடித்து அழைத்து வருகிறான். அவர் பேச மறுக்கிறார். ஈடிபஸ் துருவித் துருவிக் கேட்டு, கடைசியில் "கொன்றவன் நீதான்" என்று பதில் வந்ததும், 371ஆம் வரியில் கத்துகிறான்: காதும் குருடு, மனமும் குருடு, கண்ணும் குருடு உனக்கு. டைரீசியஸ் 413ஆம் வரியில் திருப்பித் தருகிறார்: உனக்குக் கண் இருக்கிறது, ஆனால் எப்படிப்பட்ட தீமையின் நடுவில் நிற்கிறாய், எங்கே குடியிருக்கிறாய், யாரோடு வாழ்கிறாய் என்று தெரியவில்லை. ஆரம்பத்தில் சொன்ன அந்த வாக்கியம் இங்கிருந்துதான் பிறக்கிறது, இந்தக் காட்சிக்கு மட்டும் அது பொருந்தவும் செய்யும். நாடகம் முழுவதற்கும் அதை இழுத்துப் போர்த்தும்போதுதான் கிழிகிறது.

454ஆம் வரியிலிருந்து டைரீசியஸ் சொல்லும் தீர்க்கதரிசனத்தையும் குறித்துவையுங்கள். பார்வை உள்ளவன் பார்வையற்றவனாவான், செல்வன் பிச்சைக்காரனாவான், கோலால் தரையைத் தட்டிக்கொண்டு அந்நிய மண்ணுக்குப் போவான். இதில் ஒன்று இல்லை, கவனித்தீர்களா? கண்ணை எடுக்கப்போவது யார் என்று அவர் சொல்லவே இல்லை. பின்னால் இது தேவைப்படும்.

பார்ப்பது நல்லது, பாராதிருப்பது கெட்டது என்ற எளிய கணக்கை உடைக்க ஈடிபஸின் மனைவி ஜொகாஸ்டாவை விடப் பொருத்தமானவர் இல்லை. ஈடிபஸ் வளர்ந்த ஊரான கொரிந்திலிருந்து வந்த தூதுவன் பேசப் பேச, ஈடிபஸுக்கு முன்பே அவளுக்கு எல்லாம் விளங்கிவிடுகிறது. மேடையில் அந்த நேரத்தில் மிகத் தெளிவாகப் பார்ப்பவள் அவள்தான், அவள் செய்வதோ விசாரணையை நிறுத்தச் சொல்லிக் கெஞ்சுவது (1056ஆம் வரி முதல் படியுங்கள்). "நீ யார் என்று உனக்குத் தெரியவே வேண்டாம்" என்கிறாள். கணவனையும் பிள்ளையையும் ஒரே ஆளாகப் பார்த்துவிட்ட பெண் அப்படித்தான் சொல்வாள். பிறகு உள்ளே போய்த் தூக்கில் தொங்குகிறாள். ஆக இந்த நாடகத்தில் தன்னைத் தானே தண்டித்துக்கொள்பவர்கள் இரண்டு பேர், ஒருத்தி கயிறு, ஒருவன் ஊசி. கட்டுரைகளில் அவளுக்கு அரை வரிகூடக் கிடைப்பதில்லை, இது எனக்கு வருத்தம் தரும் விஷயம். அவளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அவன் ஏன் சாகவில்லை என்ற கேள்வியே எழும்.

சரி, இப்போது மையத்துக்கு வருவோம். 1183ஆம் வரியில் எல்லாம் வெளிச்சமானதும் ஈடிபஸ், "ஒளியே, உன்னை இதுவே கடைசியாகப் பார்ப்பதாக இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடுகிறான். கிரேக்கர்களுக்கு ஒளியைப் பார்ப்பது என்றாலே உயிரோடிருப்பது, அதனால் முதலில் கேட்கும் பார்வையாளர்கள் இவன் சாகப் போகிறான் என்றுதான் நினைத்திருப்பார்கள். அடுத்து நடப்பது மேடையில் நடக்காது, அரண்மனைக்குள்ளிருந்து வரும் ஊழியன் ஒருவன் வாய்மொழியாகச் சொல்கிறான். பார்வை போவதைப் பற்றிய காட்சியை நாம் பார்க்கவில்லை, காதால் கேட்கிறோம். இந்தப் பகுதியை (1237 முதல் 1285 வரை) வாய்விட்டு, மெதுவாகப் படியுங்கள், அவசரப்பட்டால் போய்விடும்.

ஊழியன் சொல்வது இது: ஈடிபஸ் வாள் கேட்டுக் கத்திக்கொண்டு அலைந்தான், கதவை உடைத்தான், தொங்கிக்கொண்டிருந்தவளைக் கண்டான், கயிற்றை அவிழ்த்து அவளைத் தரையில் கிடத்தினான், அவள் உடையைப் பிடித்திருந்த தங்க ஊசிகளைப் பிடுங்கி, ஓங்கி, ஓங்கி, ஒருமுறையல்ல பலமுறை கண்ணில் குத்தினான். வாள் கேட்டு வந்தவன் ஊசியை எடுக்கிறான், அந்த ஊசி அவளுடைய உடையிலிருந்து வருகிறது. அந்த நீண்ட உடையை இரண்டு தோளிலும் பிடித்து நிறுத்துவது அந்த ஊசிகள்தான், பிடுங்கினால் உடை நழுவும். தாயும் மனைவியுமான ஒருத்தியின் உடலை அவன் கடைசியாகப் பார்க்கும் கணம் எப்படிப்பட்டது என்பதை சோஃபக்ளிஸ் விளக்காமல் விட்டுவிடுகிறார், ஊசியை மட்டும் காட்டுகிறார்.

அந்த ஊசியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் தன் வரலாற்றின் 5ஆம் புத்தகத்தில் ஒரு சம்பவம் சொல்கிறார். ஏஜினா தீவின் மீது போன ஏதென்ஸ் படை அழிந்து ஒரே ஒருவன் மட்டும் உயிரோடு திரும்புகிறான், இறந்தவர்களின் மனைவிமார் அவனைச் சூழ்ந்துகொண்டு "என் புருஷன் எங்கே" என்று ஒவ்வொருத்தியாகக் கேட்டபடி தங்கள் உடை ஊசியால் குத்திக் கொன்றுவிடுகிறார்கள், அதனால்தான் ஏதென்ஸ் பெண்கள் ஊசி தேவைப்படாத உடைக்கு மாற்றப்பட்டார்கள் என்கிறார். இது நடந்ததோ இல்லையோ, உடை ஊசி பெண்கள் கையில் ஆயுதமாகும் என்ற நினைவு அந்த மக்களிடம் இருந்தது என்பதற்கு இது போதும். ஈடிபஸ் கையில் அது வரும்போது அந்த நினைவும் சேர்ந்துதான் வருகிறது.

அடுத்து அவன் சொல்லும் காரணங்களைத் தனித்தனியாக எழுதிக்கொள்ளுங்கள், ஏனென்றால் அவை ஒன்றல்ல, ஒன்றோடொன்று முழுதாகப் பொருந்துவதும் இல்லை. குத்தும்போது கண்களிடமே பேசுகிறான்: நான் பட்டதையும் செய்ததையும் இனி நீங்கள் பார்க்க வேண்டாம், பார்க்கக் கூடாதவர்களைப் பார்த்தீர்கள், தெரிந்துகொள்ள ஏங்கியவர்களைத் தெரிந்துகொள்ளவில்லை. இங்கே கண்கள் குற்றவாளிகள். பிறகு வெளியே வந்து, "பார்வையில்லாமல் வாழ்வதைவிட நீ இறந்திருக்கலாமே" என்று முதியோர் குழு சொல்லும்போது (1367-68), வேறு காரணம் தருகிறான்: பாதாளத்துக்குப் போனால் அங்கே அப்பாவையும் அம்மாவையும் எந்தக் கண்ணால் பார்ப்பேன்? இங்கே என் குழந்தைகளை எந்தக் கண்ணால் பார்ப்பேன், இந்த ஊரை, கோபுரங்களை, தெய்வச் சிலைகளை? சாவு அவனுக்குத் தப்பிக்கும் வழியாகத் தெரியவில்லை, அங்கேயும் பார்க்க வேண்டியவர்கள் காத்திருக்கிறார்கள். அவன் ஏன் சாகவில்லை என்று கேட்டோமே, அவன் வாயாலேயே பதில் இதுதான். அதற்கப்புறம் இன்னும் ஒரு படி போய், முடிந்தால் காதையும் அடைத்திருப்பேன், எந்தப் பக்கமும் திறப்பில்லாத உடம்பாக இருந்திருப்பேன் என்கிறான் (1386 முதல்). இது தண்டனையா, அடைக்கலமா? இரண்டும்தான், இதில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு எழுதும் விளக்கம் எதுவாக இருந்தாலும் எனக்கு அது அரைகுறைதான்.

இப்போது அந்த இரண்டு வரிகள். எந்த தெய்வம் உன்னைத் தூண்டியது என்று முதியோர் கேட்கிறார்கள். 1329ஆம் வரியில் ஈடிபஸ் பதில் சொல்கிறான்: அப்பல்லோ, நண்பர்களே, அப்பல்லோதான் இந்தத் துயரத்தையெல்லாம் கொண்டுவந்தது. ஆனால் கண்ணை அடித்தது வேறு எவர் கையும் அல்ல, பாவி என் கைதான். நாடகம் முழுவதும் அவன் செய்ததாக நினைத்ததெல்லாம் அவனுக்குத் தெரியாமல் வேறொன்றாக இருந்தது: சாலைச் சண்டையில் அடித்தவன் யாரோ வழிப்போக்கன் என்று நினைத்தான், அது அப்பா, மணந்தது வேற்றூர் அரசி என்று நினைத்தான், அது அம்மா. என்ன செய்கிறோம் என்று முழுதாகத் தெரிந்து அவன் செய்த முதல் செயல் இந்தக் கண்குத்தல்தான். டைரீசியஸ் கையைப் பற்றிச் சொல்லாமல் விட்டது இதற்காகத்தான் என்று நான் நினைக்கிறேன்.

இன்னொன்றையும் சரிபாருங்கள். நாடகத்தின் தொடக்கத்தில், 216ஆம் வரியிலிருந்து, கொலைகாரன் மீது ஈடிபஸ் ஒரு சாபம் போடுகிறான். யாரும் அவனை வீட்டில் சேர்க்கக் கூடாது, பேசக் கூடாது, வழிபாட்டில் பங்கு தரக் கூடாது, அவன் என் வீட்டிலேயே எனக்குத் தெரிந்து இருந்தால் அந்தச் சாபம் என் மேலும் விழட்டும் என்கிறான். டெல்ஃபி கேட்டதும் நாடுகடத்தல் அல்லது ரத்தத்துக்கு ரத்தம். கண்ணைப் பற்றி இரண்டிலும் ஒரு பேச்சும் கிடையாது. முடிவில் நாடுகடத்தச் சொல்லி ஈடிபஸ் கெஞ்சுகிறான், புதிதாக அதிகாரத்துக்கு வந்த, ஜொகாஸ்டாவின் சகோதரன் கிரியோனோ தெய்வத்தைக் கேட்டுத்தான் முடிவு செய்வேன் என்று இழுத்தடிக்கிறான். அறிவித்த தண்டனை நிறைவேறாமல் நிற்கிறது, யாரும் அறிவிக்காத தண்டனை மட்டும் முடிந்துவிட்டது.

இந்தக் கதை இப்படித்தான் இருந்தாக வேண்டும் என்பதில்லை என்று தெரிந்துகொண்டால் இது இன்னும் உறைக்கும். ஹோமரின் ஒடிசியில், 11ஆம் பாடலில், ஈடிபஸின் தாய் எபிகாஸ்டா (ஜொகாஸ்டாவுக்கு அங்கே இந்தப் பெயர்) தூக்கிட்டுக்கொள்கிறாள், அவனோ துன்பப்பட்டுக்கொண்டே தீப்ஸை ஆண்டுகொண்டிருக்கிறான், கண்ணைப் பற்றிப் பேச்சே இல்லை. கிமு 467இல் இன்னொரு நாடகாசிரியர் எஸ்கிலஸ் மேடையேற்றிய "தீப்ஸுக்கு எதிராக எழுவர்" நாடகத்தில் அவன் கண்ணைத் தானே அழித்துக்கொண்டது பாடப்படுகிறது. மற்றொரு நாடகாசிரியர் யூரிப்பிடிஸ் எழுதி இன்று துண்டுகளாக மட்டும் எஞ்சியிருக்கும் "ஈடிபஸ்" நாடகத்தில் லேயஸின் வேலைக்காரர்கள் அவனைத் தரையில் அழுத்திப் பிடித்துக் கண்ணைப் பறிக்கிறார்கள். ஆக, கவிஞர் முன்னால் பல வழிகள் இருந்தன. தன் கையால் என்பது சோஃபக்ளிஸ் தெரிந்தே எடுத்த முடிவு, நாம் வாசிக்க வேண்டியதும் அந்த முடிவைத்தான்.

பார்வை என்பது ஒருவழிப் பாதை அல்ல என்பதையும் மறந்துவிடாதீர்கள். 1424ஆம் வரியிலிருந்து கிரியோன், இவனை உள்ளே கொண்டுபோங்கள், மண்ணும் மழையும் ஒளியும் ஏற்காத இந்தத் தீட்டைச் சூரியனுக்கு முன்னால் இப்படித் திறந்து காட்டாதீர்கள் என்கிறான். ரத்தத் தீட்டு தொற்றும், பார்வைக்கும் அதில் பங்கு உண்டு என்ற நம்பிக்கை இங்கே வேலை செய்கிறது. ஈடிபஸ் பார்க்காமல் இருக்கக் கண்ணை அழித்தான், ஆனால் பார்க்கப்படாமல் இருக்க அவனால் எதுவும் செய்ய முடியவில்லை. அக்ரோபொலிஸ் குன்றின் தெற்குச் சரிவில், பகல் வெளிச்சத்தில், ஆயிரக்கணக்கானோர் கண் முன்னால் அவன் வந்து நிற்கிறான், ரத்தம் வழியும் வேறு முகமூடியோடு வந்திருக்க வேண்டும் என்பது பலரின் கருத்து. டைரீசியஸைக் கூட்டிவர ஒரு சிறுவன் இருந்தான், இவனுக்கு அந்த நேரத்தில் யாரும் இல்லை. "என் குரல் எங்கே பறந்து போகிறது" என்று கேட்டுக்கொண்டு வருகிறான். மகள்கள் ஆன்டிகனியும் இஸ்மீனும் வந்ததை அழுகைச் சத்தத்தால்தான் தெரிந்துகொள்கிறான், கையால் தொட்டுப் பார்க்கிறான். கண் போன இடத்தில் ஞானம் வந்து உட்காரவில்லை, காதும் கையும்தான் வந்தன.

சில பொறிகளைப் பற்றிச் சுருக்கமாக. நம் வாசகர்களுக்கு விதி, ஊழ்வினை என்ற சொற்கள் நாவில் தயாராக இருக்கும். முன்வினையின் பயனை அவன் அனுபவித்தான் என்று எழுதினால் 1329ஆம் வரியில் அவன் கவனமாகப் பிரித்த இரண்டையும் (அப்பல்லோ கொண்டுவந்தது, தன் கை செய்தது) நாம் கலந்துவிடுகிறோம். ஆணவத்துக்குத் தண்டனை என்பதும் அப்படித்தான், அவன் முன்கோபிதான், ஆனால் தந்தையைக் கொல்வான் என்ற தெய்வவாக்கு அவனுக்குக் கோபம் வரும் வயதுக்கு முன்பே வந்துவிட்டது. கண்ணை அழித்துக்கொண்டதை ஆண்மை நீக்கத்தின் மாற்று வடிவமாக ஃப்ராய்ட் 1919இல் வாசித்தார். அதைத் தெரிந்துவைத்துக்கொள்ளலாம், ஆனால் நாடகத்தில் ஈடிபஸே இவ்வளவு காரணங்களை வாய்விட்டுச் சொல்லியிருக்கும்போது அதிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

இதைப் படித்தவர்கள் "கொலோனஸில் ஈடிபஸ்" நாடகத்தைப் படிக்காமல் நிறுத்தக் கூடாது. சோஃபக்ளிஸ் இறந்த பிறகு கிமு 401இல் அவருடைய பேரன் மேடையேற்றியது. வயதான, பார்வையற்ற, பிச்சையெடுக்கும் ஈடிபஸை ஆன்டிகனி கைப்பிடித்து ஏதென்ஸ் அருகே கொலோனஸுக்குக் கூட்டிவருகிறாள். 437ஆம் வரிப் பக்கம் அவன் சொல்வதைக் கேளுங்கள்: காலம் போகப் போக வலி ஆறியது, அப்போதுதான் என் கோபம் எல்லை மீறி ஓடிவிட்டது, செய்த பிழைக்கு மிஞ்சிய தண்டனை கொடுத்துக்கொண்டேன் என்று உணர்ந்தேன். தெரியாமல் செய்தேன், சட்டத்தின் முன் நான் சுத்தமானவன் என்றும் வாதாடுகிறான். முதல் நாடகத்தில் அவ்வளவு உறுதியாகச் செய்ததை, இங்கே அதே வாய் அளவு மீறியது என்கிறது. தன்னைத் தண்டித்துக்கொள்வதே உயர்வு என்று யாராவது எழுதினால் இந்த இடத்தைக் காட்டுங்கள். முடிவில் இடி முழங்க, அதுவரை மற்றவர் கைபிடித்து நடந்தவன், "என்னைத் தொடாதீர்கள், என் பின்னால் வாருங்கள்" என்று முன்னே நடக்கிறான். அவன் மறையும் இடத்தில், பார்வையுள்ள ஏதென்ஸ் மன்னன் தீசியஸ் தாங்க முடியாததைக் கண்டவன் போலக் கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு நிற்கிறான் என்று தூதுவன் சொல்கிறான். பார்வையில்லாமலே உண்மையைக் காணும் டைரீசியஸின் நிலைக்கு ஈடிபஸ் நெருங்கி வருவது இந்த நாடகத்தில்தான், இடையில் பல வருஷ அலைச்சல் இருக்கிறது.

அப்புறம், இதே கேள்வியை மற்ற நாடகங்களிலும் போட்டுப் பழகுங்கள். யூரிப்பிடிஸின் "ஹெக்குபா"வில் தங்கத்துக்காக டிராய் அரசி ஹெக்குபாவின் மகனைக் கொன்ற திரேஸ் மன்னன் பாலிமெஸ்டரை அவளும் டிராய் பெண்களும் கூடாரத்துக்குள் அழைத்து, அவன் பிள்ளைகளைக் கொன்று, அதே உடை ஊசிகளால் அவன் கண்களைக் குத்துகிறார்கள். அவன் நாலு காலில் மிருகம் போலத் தவழ்ந்து வெளியே வருகிறான், கடைசியில் ஹெக்குபா நாயாக மாறுவாள் என்று தீர்க்கதரிசனமும் சொல்கிறான். ஊசி ஒன்றுதான், கை வேறு, அதனால் பொருள் முழுக்க மாறுகிறது: இது பழிவாங்கல், அவனிடம் குற்றவுணர்வு துளியும் இல்லை, தீர்க்கதரிசனம் வந்தாலும் ஞானம் வரவில்லை. சோஃபக்ளிஸின் "ஏஜாக்ஸ்" நாடகத்தில் கண் அப்படியே இருக்கிறது, அதீனா தெய்வம் அதை மங்க வைக்கிறாள் (85ஆம் வரி), கிரேக்கத் தளபதிகள் என்று நினைத்து, டிராய்ப் போரில் கிரேக்கர் பக்கம் போரிட்ட வீரன் ஏஜாக்ஸ் கால்நடைகளை வெட்டிக் குவிக்கிறான். மயக்கம் தெளிந்து என்ன செய்தோம் என்று பார்த்த பிறகு, எதிரி ஹெக்டர் பரிசாகத் தந்த வாளை மண்ணில் நட்டு அதன்மேல் விழுகிறான். இங்கேயும் தண்டனை தன் கையால்தான், ஆனால் ஏஜாக்ஸைத் துரத்துவது மானம், ஈடிபஸைத் துரத்துவது தீட்டும் முகம் பார்க்க முடியாமையும். "குற்றவுணர்வு" என்ற ஒரே சொல்லில் இரண்டையும் அடைத்துவிடாதீர்கள்.

எழுத உட்காரும்போது, "பார்வையிழப்பு எதைக் குறிக்கிறது" என்று தலைப்பு வைக்காமல், ஒரு நாடகம், ஒரு காட்சி, ஒரு கை என்று சுருக்கிக்கொள்ளுங்கள். மேற்கோள் காட்டும் ஒவ்வொரு இடத்துக்கும் வரி எண் கொடுங்கள், பேசுபவர் பெயரைக் கொடுங்கள், தூதுவன் சொன்னதைப் பாத்திரமே நேரில் சொன்னதாக எழுதிவிடாதீர்கள். நேரம் குறைவாக இருந்தால் 1297 முதல் 1415 வரையுள்ள பகுதியை மட்டும் இரண்டு மொழிபெயர்ப்புகளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள், எங்கே இருவரும் வேறுபடுகிறார்களோ அங்கிருந்து உங்கள் கட்டுரையைத் தொடங்கலாம்.